ஒரு மலை... ரெண்டு சப்ஜெக்ட்!

'ஜியாகிரபி, ஜியாலஜி ரெண்டும் ஒண்ணுதானே பாஸ்?' - இப்படிக் கேட்கிற ஆசாமி ஒருத்தராவது எல்லா காலேஜ் கேன்டீனிலும் இருப்பார். அவரை எலெக்ட்ரிக் ட்ரெய்னில் ஏத்தி, பரங்கிமலை ஸ்டேஷனில் இறக்கி விடுங்க. மீதியை மலை பார்த்துக்கும்!

மலைன்னதும் ஊட்டி ரேஞ்சுக்குக் கற்பனை வேண்டாம். உயரம் சுமார் 300 அடிதான். உச்சியில், 1523-ல் போர்ச்சுக்கீசியர்கள் கட்டிய சர்ச். 'பரங்கி'கள் வந்து தங்கியதால்தான் பரங்கிமலை. ஒரு பக்கம் சென்னை முழுக்கக் கட்டடக் காடு, இன்னொரு பக்கம் மீனம்பாக்கம் ரன்வே. ஃப்ளைட் தரையைத் தொடுவதை மேலே இருந்து பார்க்கிற சுகமே தனி!

சங்கிலி பிடித்த ஜியாகிரபி

ஜியாகிரபியின் முதல் கேள்வி, 'எங்கே இருக்கு?'

1802, ஏப்ரல் 10. வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி இந்த மலையடிவாரத்தில் ஆரம்பித்து, தெற்கே பெரும்பாக்கம் பக்கம் வரை ஒரு நேர்கோட்டை அளந்தார். நீளம் ஏழரை மைல். கையில் 100 அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளுமே? அந்தக் கணக்கையும் கழித்து, சுமார் 400 தடவை சங்கிலியை எடுத்துப் போட்டு, 57 நாளில் முடித்தார்.

எதுக்கு இவ்வளவு பாடு? முக்கோணத்தில் ஒரு பக்கமும் ரெண்டு கோணமும் தெரிந்தால் மற்ற ரெண்டு பக்கமும் தெரிந்துவிடும். நாம ப்ளஸ் டூவில் போட்ட அதே டிரிக்னாமெட்ரி! அந்த ஒரு கோட்டில் தொடங்கிய முக்கோணங்கள் வளர்ந்து வளர்ந்து இமயமலை வரை போயின. ராதாநாத் சிக்தர் கணக்குப் போட்ட எவரெஸ்ட்டின் உயரம் 1856-ல் வெளியானது. 29,002 அடி! எவரெஸ்ட்டை அளந்த கணக்குக்குப் பிள்ளையார் சுழி நம்ம பரங்கிமலையில்தான்.

காலடியில் ஜியாலஜி

அதே எவரெஸ்ட் உச்சியில் கடல் உயிரினங்களின் படிமங்களோடு சுண்ணாம்புக்கல் இருக்கிறது. கடலடியில் இருந்த கல் அங்கே எப்படி ஏறியது? இந்த 'எப்படி வந்தது? எப்போ வந்தது?'தான் ஜியாலஜி.

பரங்கிமலைக்கும் அப்படி ஒரு கதை உண்டு. சரிவில் மண் விலகின இடங்களில் தெரியும் கருங்கல்லைத் தொட்டுப் பாருங்க. அதன் வயசு சுமார் 250 கோடி வருடங்கள்! பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேல் வெந்து உருவான கல். மேலே இருந்த பாறையெல்லாம் கோடிக்கணக்கான வருடங்களாகக் கரைந்து கரைந்து, இன்றைக்கு வெளியே தலைகாட்டுகிறது.

கல்லுக்குப் பேர் வைத்த கதை இன்னும் ஜோர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் சமாதியில் ஒரு கறுப்புக் கல். அது சென்னைப் பக்கத்துக் கல் என்று கண்டுகொண்ட தாமஸ் ஹாலண்ட், 1893-ல் அதற்கு 'சார்னாக்கைட்' என்று பேர் சூட்டினார். இன்று உலகம் முழுக்க ஜியாலஜி மாணவர்கள் படிக்கிற பேர் இது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை, பரங்கிமலை சார்னாக்கைட்டை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகவும் அறிவித்திருக்கிறது.

ஏரியா... குவாரியா?

'இதெல்லாம் பரீட்சைக்குத்தானே' என்பவர்களுக்கு ஒரு நிமிஷம். திரிசூலம், பல்லாவரம் பக்கம் இதே கல்லை ஜல்லிக்காக உடைத்து உடைத்து, பல இடங்களில் குன்று போய்ப் பள்ளம் ஆகிவிட்டது. மழை பெய்து பள்ளம் நிறைந்தால், மேப்பில் அது அழகான நீலப் புள்ளி. ஏரிக்கும் அதே நீலம்தான்!

ஆனால், ஏரியில் கரை மெதுவாகச் சரியும். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஆழம் சொல்லிக்கொண்டே வரும். குவாரி அப்படியில்லை. பாறையைச் செங்குத்தாக வெட்டியிருப்பார்கள். ஒரு அடி எடுத்து வைத்தால் நேரே பாதாளம். கல் வழவழப்பு, பிடித்து ஏறவும் வழி கிடையாது. லீவு நாளில் இப்படிக் குளிக்கப் போய்த் திரும்பி வராத காலேஜ் பசங்களின் செய்தி பேப்பரில் வராத வருஷம் உண்டா? அவர்களில் நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு.

இந்தக் குட்டைகள் வெறும் வில்லன்களும் இல்லை. 2017-ல் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, மாங்காடு அருகே சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் வீடுகளுக்கு அனுப்பினார்கள்.

ஆக, தண்ணீர் எங்கே இருக்கு என்று சொல்வது ஜியாகிரபி. அதற்கு அடியில் என்ன இருக்கு என்று சொல்வது ஜியாலஜி. மேப்பை மட்டும் நம்பி இறங்காதீங்க மக்கா!

பரங்கிமலை போறவங்க வெயில் ஏறுவதற்கு முன்னால் கிளம்புங்க. தண்ணி பாட்டில் முக்கியம். ஞாபகத்துக்கு ஒரு துண்டு கல் உடைக்கலாமேன்னு மட்டும் கை வைக்காதீங்க... 250 கோடி வருஷம் காத்திருந்து மேலே வந்த கல் அது!