கம்பனி விட்டபடியே

யூரியூப்பில் ஃபோர்-வீல் வாகனங்களைப் பற்றிப் பார்க்கத் தொடங்கினால் இரண்டாவது வீடியோவிலேயே ஒரு சொல் வந்துவிடும்: ஸ்டொக். கம்பனி விட்டபடியே, ஒரு ஆணியும் மாத்தாத வாகனம் என்று அர்த்தம். அமெரிக்காவில் மோவாப் செம்பாறைகளிலும் றூபிக்கன் பாதையிலும் ஏறுகிறவர்கள் அந்தச் சொல்லைக் கொஞ்சம் நக்கலாகத்தான் சொல்வார்கள். பிறகு பட்டியல் நீளும். வாகனத்தை உயர்த்திற கிற், 35 அங்குல ரயர், வின்ச், முன்னுக்கும் பின்னுக்கும் டிஃப் லொக், அடியில் இரும்புத் தகடு. எல்லாம் பூட்டி முடிக்க இன்னொரு வாகனம் வாங்கிற காசு போய்விடும்.

எங்கட உயிலங்குளத்தில் இந்தச் சொல்லை யாரும் பாவிக்கிறதில்லை. இங்கே வாகனம் என்றாலே வந்தபடிதான் நிற்கும். நான் பார்த்த கல்லுப்பாதைச் சாரதிகளில் ஆகத் திறமான ஆள் பத்து வருசமாக ஓடினதும் ஸ்டொக் வாகனம்தான். காரணம் கொள்கை, ரசனை ஒன்றுமில்லை. அந்த வாகனம் அவருடையது இல்லை.

அவர் என்ர தாய்மாமன். பேரைப் போட வேண்டாம் என்று சொன்னவர், அதனால் மாமா என்றே எழுதுகிறேன்.

இந்த வாகனங்கள் விளையாட்டுக்குப் பிறந்தவை இல்லை. லாண்ட் றோவர் 1948 ஏப்ரலில் அம்ஸ்ரர்டாம் கண்காட்சிக்கு வந்தபோது கமக்காரருக்கான வாகனமாகத்தான் வந்தது. போருக்குப் பிறகு உருக்குத் தட்டுப்பாடு; அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். ரொயோட்டாவின் பீஜே ஜீப் 1951இல் ஃபியூஜி மலையின் ஆறாவது நிலை வரை ஏறிக் காட்டியது; ஜப்பான் பொலிஸ் அதை வாங்கியது. இன்றைக்கு நாங்கள் லாண்ட் குறூசர் என்று சொல்கிற பரம்பரை அங்கேயிருந்து வருகிறது. இரண்டும் உழைக்கிறவனுக்கென்று செய்த வாகனங்கள். உழைக்கிறவன் அனேகமாக அடுத்தவனின் வாகனத்தைத்தான் ஓட்டுவான்.

மாமா முதலில் ஓட்டினது ரக்டர். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணியில் விளைகிற வயல்கள், மாரியில் முழங்கால் சேறு, பெட்டியில் நெல்லு மூட்டை. எந்த வரம்பு தாங்கும், எது தாங்காது என்று அவருக்குப் பதினாறு வயதிலேயே தெரியும். 2002 சமாதான காலத்தில் உயிலங்குளம் என்றால் வெளியாட்களுக்கு ஒரு சோதனைச் சாவடியின் பேர். ஆமிப் பக்கத்திலிருந்து இயக்கப் பக்கம் போகிறவர்கள் எங்கட ஊர் றோட்டால்தான் போனார்கள். அப்போது அவர் சாமான் லொறிகளில் உதவியாளாகப் போய்வந்தார்.

2009க்குப் பிறகு மாந்தை மேற்கில் கண்ணிவெடி அகற்றுகிற ஒரு நிறுவனத்தில் சாரதி வேலை கிடைத்தது. வெள்ளை டபிள் கப். காலையில் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கி, பின்னேரம் ஏத்திக்கொண்டு வரவேணும். துப்புரவாக்கின பாதை சில இடங்களில் ஒரு வாகன அகலம்தான். இரண்டு பக்கமும் சிவப்புக் குறி, மண்டையோடு போட்ட பலகை. மழை பெய்து சில்லுத் தடத்தில் தண்ணி நிண்டால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? பக்கத்தால் வெட்டி எடுத்துப் போவோம். அங்கே அது நடவாது. தண்ணிக்குள்ளால் போகவேணும்; ஏலாவிட்டால் வந்த தடத்திலேயே றிவேர்சில் திரும்பி வரவேணும். வாகனத்தைத் திருப்ப இடமில்லை.

"முன் சில்லு எங்க நிக்குதெண்டு தலையை வெளிய நீட்டாமச் சொல்லத் தெரியவேணும். அங்க படிச்சது அதுதான்" என்பார் மாமா.

வேலை குறைய ஆட்களையும் குறைத்தார்கள். 2013இல் மாமா ஓமானுக்குப் போனார். சுற்றுலாப் பயணிகளை மலைக்குக் கூட்டிப்போகிற ஒரு கம்பனியில் சாரதி. நான் 2018இல் மஸ்கட்டில் ஒரு களஞ்சியத்தில் கணக்கு எழுதப் போனேன். அடுத்த வருசம் ஒக்ரோபரில், சீசன் தொடங்க முதல் வாதி பனி அவ்ஃப் பாதை எப்படி இருக்கிறது என்று பார்த்து வரச்சொல்லி மாமாவை அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. நானும் தொத்திக்கொண்டேன்.

ஓமானின் ஹஜர் மலைகள் பச்சை தெரியாத கல்லு மலைகள். அல் ஹம்ரா ஊரிலிருந்து தார் றோட்டு ஏறி ஏறி ஷரஃபத் அல் அலமைன் என்ற கணவாயில், ஏறக்குறைய 2000 மீற்றர் உயரத்தில், மலையின் மறுபக்கத்தைக் காட்டும். அதுக்கங்கால அப்போது தார் இல்லை. மலைச் சரிவில் வெட்டின கல்லுப்பாதை, ஹாத் என்ற சின்ன ஊரைத் தொட்டு, வளைந்து வளைந்து வாதிக்குள் இறங்குகிறது. வாதி என்றால் மழைக்கு மட்டும் ஓடுகிற ஆறு. மற்ற நாட்களில் அதுதான் றோட்டு.

எங்கட வாகனம் ஒரு பிறாடோ. கம்பனி விட்டபடியே. அடிவயிற்றுக்கும் தரைக்கும் இருபது சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட இடைவெளி. அந்த மொடலில் பின் டிஃப் லொக் கிடையாது. வீட்டுக்காரப் பெண்மணி கடைக்குப் போகிற வாகனமும் அதே வாகனம்தான்.

தார் முடிகிற இடத்தில் மாமா இறங்கி நாலு ரயரிலும் காத்தை இறக்கினார். 34இல் இருந்தது 25க்கு வந்தது. காத்துக் குறைந்த ரயர் கல்லைச் சுற்றிப் பிடிக்கும், குலுக்கலும் குறையும். மணலென்றால் 18 வரைக்கும் இறக்குவாராம். கல்லில் அவ்வளவு இறக்கினால், கல்லுக்கும் றிம்முக்கும் நடுவில் ரயரின் பக்கம் நசிந்து வெடிக்கும். பிறகு லோ றேஞ்சைப் போட்டார். அதில் ஒவ்வொரு கியரும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு மெதுவாகும், இழுவை அதே அளவு கூடும். இறக்கத்தில் முதலாம் கியரில் விட்டால் எஞ்சினே வாகனத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறேக்கில் காலை வைத்துக்கொண்டு பத்துக் கிலோமீற்றர் இறங்கினால் பிறேக் சூடாகி, தேவைப்படுகிற வளைவில் பிடிக்காது.

கல்லைக் கண்டால் எங்கட இயல்பு அதை இரண்டு சில்லுக்கும் நடுவில் விட்டுப் போவது. மாமா எதிர்மாறாகச் செய்தார். பெரிய கல்லைத் தேடி அதின்மேல் சில்லை ஏத்தினார். "நடுவில விட்டால் டிஃப் அடிபடும். சில்லை ஏத்தினால் வண்டியே உயரும். லிஃப்ற் கிற் இல்லாதவனுக்குக் கல்லுத்தான் லிஃப்ற் கிற்." ஸ்ரேறிங்கைப் பிடிக்கும்போது பெருவிரல் இரண்டும் வளையத்துக்கு வெளியே. சில்லு கல்லில் அடித்து ஸ்ரேறிங் திடீரெண்டு திரும்பினால் உள்ளே விட்ட விரல் முறியலாம்.

ஹாத்துக்குக் கீழே, ஒரு பக்கம் சுவர்போல் மலை, மற்றப் பக்கம் ஒன்றுமில்லை. அந்த இடத்தில் கீழேயிருந்து மூன்று பற்றோல் வாகனங்கள் வந்தன. உயர்த்தி, பெரிய ரயர் போட்டு, மேலே விளக்கு வரிசை பூட்டினவை. ஏறுகிறவனுக்கு இடம் விடவேணும் என்பது மலைப்பாதை முறை. ஏற்றத்தில் நிண்டுபோன வாகனத்தைத் திரும்ப எடுப்பது கஷ்டம். மாமா ஒரு வார்த்தை பேசாமல் றிவேர்சைப் போட்டு, இரண்டு வளைவு பின்னுக்கு, மேல்நோக்கி, கண்ணாடியை மட்டும் பார்த்து ஏறினார். வலப்பக்கச் சில்லுக்கும் விளிம்புக்கும் இடையில் என்ர காலடி ஒன்று வைக்கலாம். நான் அந்தப் பக்கம் இருந்தேன். முன்னால் வந்த ஓமானிப் பெடியன் கண்ணாடியை இறக்கி, நெஞ்சில் கைவைத்துச் சலாம் சொன்னான். மாந்தைப் பாதையில் திருப்ப இடமில்லாமல் பழகின றிவேர்ஸ் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

பிலாத் ஸைத் ஊருக்கு ஏறுகிற கிளைப்பாதையில் வெள்ளம் ஒரு படியை வெட்டி வைத்திருந்தது. அரை மீற்றர் இருக்கும். மாமா வாகனத்தை நிப்பாட்டி, இறங்கி, அந்த ஐம்பது யாரையும் இரண்டு தரம் நடந்தார். கல்லுகளைக் காலால் உதைத்து எது ஆடுது என்று பார்த்தார். டிஃப் லொக் இல்லாத வாகனத்தில் ஒரு சில்லு தரையை விட்டுக் கிளம்பினால் அந்தச் சில்லு சும்மா சுத்தும், மற்றது நிற்கும். அதனால் சில்லு கிளம்பப்போகிற பள்ளத்தை முன்கூட்டியே நிரப்பவேணும். நானும் அவரும் இருபது நிமிசம் கல்லுச் சுமந்தோம். பிறகு என்னை மேலே நிற்கவிட்டு, என்ர கையைப் பார்த்து, நடை வேகத்திலும் குறைவாக ஏறினார். பின் இடது சில்லு ஒருக்கால் சுத்தி, கல்லைப் பிடித்து, மேலே வந்தது. அடியில் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

ஏறி முடித்ததும் அவர் செய்த முதல் வேலை, முழங்காலில் நிண்டு வாகனத்தின் அடியைப் பார்த்தது. எண்ணெய் ஒழுகுதா என்று மட்டும் பார்க்கவில்லை. கீறல் தேடினார். ஒரு கீறலுக்குச் சம்பளத்தில் வெட்டு. பம்பர் போனால் ஒரு மாதச் சம்பளம். "இந்த மலைக்கு ஏத்தமாதிரி ஒரு தகடு போட்டுத் தாங்கோ எண்டு மூண்டு வருசமாக் கேக்கிறன். வாகனத்தை விக்கேக்க விலை குறையுமாம்" என்றார். கோபமில்லாத குரல். அந்த வாகனத்தின் இருக்கையை எவ்வளவு பின்னுக்குத் தள்ளலாம் என்பது மட்டுந்தான் அவருக்கு விட்ட சுதந்திரம்.

பிலாத் ஸைத்தில் படிப்படியாக வயல், பேரீச்சை, நடுவால் ஓடுகிற கல்லு வாய்க்கால். ஃபலஜ் என்பார்கள். ஓமானின் ஐந்து ஃபலஜ்களை யுனெஸ்கோ 2006இல் உலக மரபுரிமையில் சேர்த்திருக்கிறது. தண்ணியைப் பரப்பால் பிரிக்காமல் நேரத்தால் பிரிக்கிறார்கள்: இந்தக் குடும்பத்துக்கு இவ்வளவு நேரம், பிறகு மடையை அடைத்து அடுத்த வயலுக்கு. மாமா வாய்க்கால் கட்டில் இருந்து காலை நனைத்துக்கொண்டு, "மழை இல்லாத ஊரில மடைச் சண்டை வராம இருக்குமே?" என்று சிரித்தார். கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே வயல் செய்தவர் கேட்கிற கேள்வி.

மழை என்றதும் ஒன்று சொல்லவேணும். இந்தப் பாதைகளில் ஆட்களைக் கொல்வது கல்லைவிட வெள்ளந்தான். மலையில் எங்கோ பெய்கிற மழை, வெயில் எறிக்கிற வாதிக்குள் சுவர்போல் வரும். 2024 ஏப்ரல் வெள்ளத்தில் ஓமானில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்படப் பலர் வாகனத்தோடு அடிபட்டுப் போனார்கள். எந்த ரயரும் எந்த உயரமும் அதுக்கு உதவாது. கறுப்பு மேகம் கண்டால் மாமா பயணிகள் எவ்வளவு சண்டை பிடித்தாலும் இறங்கமாட்டார். பிறகு அவர்கள் கம்பனிக்கு முறைப்பாடு எழுதுவார்கள்.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தியா, எங்கட ஆக்கள் ஒண்டுமில்லாமலே சாதிப்பினம்" என்று யாராவது பெருமைப்பட்டால் எனக்குக் கொஞ்சம் கரைச்சல். திறமை உண்மை. அது வந்த வழியையும் சேர்த்துத்தான் சொல்லவேணும். மிதிவெடிக்கு நடுவில் நேராக ஓடப் பழகினது யாரும் விரும்பி எடுத்த பயிற்சி இல்லை. தகடு கேட்டுக் கிடைக்காதவன் கவனமாக ஓடுவதைப் பார்த்து, தகடே தேவையில்லை என்று முடிவெடுப்பது முதலாளிக்குத்தான் வசதி. ஸ்டொக் வாகனத்தில் எந்தப் பாதைக்குப் போகலாம் என்ற கேள்விக்குப் பதில் சாரதியின் கையில் இருக்கிறது என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் அந்தக் கை பிழைத்தால் யார் காசு கட்டுவது என்பதையும் கேட்கவேணும்.

மாமா 2021இல் ஊருக்கு வந்துவிட்டார். இப்போது பெரும்போகத்துக்கு ரக்டர் ஓடுகிறார், அதுவும் இன்னொருவருடையது. 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரைக்கும் திறக்கவில்லை. பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போய்விட்டது. அப்படியிருந்தும் போன வருசம் அவருடைய மகன், என்ர மச்சான், லீசிங்கில் ஒரு பழைய ஜிம்னி எடுத்தான். எங்கட குடும்பத்தில் சொந்தப் பேரில் நிற்கிற முதல் ஃபோர்-வீல். வந்த கிழமையே உயர்த்திற கிற்றுக்கும் பெரிய ரயருக்கும் விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டான்.

மாமா தடுக்கவில்லை. "உன்ர வாகனம், உன்ர காசு. செய். ஆனா ஆறு மாசம் இப்பிடியே ஓடு. எங்க அடிபடுது, எங்க புதையுது எண்டு பார். அதுக்குப் பிறகு என்ன வேணுமெண்டு வாகனமே சொல்லும்" என்றார்.

ஆறு மாசம் முடிந்துவிட்டது. தலைமன்னார்ப் பக்க மணலிலும், மாரியில் கிழிந்துபோன கிரவல் றோட்டுகளிலும் இரண்டு பேருமாக ஓடியிருக்கிறார்கள். மச்சான் இதுவரைக்கும் ரயருக்குக் காத்தடிக்கிற ஒரு சின்னக் கம்பிரசர் வாங்கியிருக்கிறான். அடுத்ததாக அடியில் ஒரு தகடு போடப் போகிறானாம். எந்த இடத்தில் என்று மாமா சோக்கால் கோடு கீறிக் காட்டியிருக்கிறார்.