கல் விழாத நேரம்

2015 ஜூன் 27, சனிக்கிழமை. நோன்பு மாதம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். முந்தின நாள்தான் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் சென்னை ஆஸ்பத்திரியில் இறந்திருந்தான். காணாமல் போன ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்கப் போலீஸ் கூட்டிப்போனதாம். அங்கே அடித்த அடிதான் காரணம் என்று ஊரெல்லாம் பேச்சு. இன்ஸ்பெக்டரைக் கைது செய்யும்வரை நகர மாட்டோம் என்று கூட்டம் சேர்ந்தது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. மறித்தால் இரண்டு மாநிலத்து லாரியும் நிற்கும். ஊருக்கு இருக்கும் ஒரே பலம் அது.

அப்போது கல் எதுவும் விழவில்லை. கோஷம், வாக்குவாதம், மறுபடி கோஷம். தோல் பதனிடும் ஷாப்பு நடத்தும் பாய் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், கூட்டத்தின் ஓரமாகவே நடந்துகொண்டிருந்தார். ஜல்லியைக் கையில் எடுத்த பையனைப் பார்த்ததும், "எங்க டிரம்முல வேலை பாக்கிறவன் மகன்தானே நீ? கீழ போடுறா" என்றார். போட்டான். இன்னொருவனிடம் கையை நீட்டி அவரே வாங்கிக்கொண்டார். அப்பன் யாரென்று அவருக்குத் தெரியாத பையன்கள் வந்து சேர்ந்ததும் அவர் பேச்சு எடுபடவில்லை. தடி முதலா, கல் முதலா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் நின்ற இடத்துக்குச் சத்தம்தான் வந்தது. ராத்திரிக்குள் பஸ்கள், போலீஸ் வண்டிகள், டாஸ்மாக் கடை எல்லாம் நாசம். பக்கத்துக் கடைகள் சிலவும் தப்பவில்லை. பெண் போலீஸார்கூட அடிபட்டார்கள். அவர்களுக்கும் அந்தச் சாவுக்கும் என்ன சம்பந்தம்? இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

பின்னால் தபால் வழியில் எம்.ஏ. படித்தபோது அசுதோஷ் வார்ஷ்ணே 2002இல் எழுதிய புத்தகம் கிடைத்தது. கோழிக்கோடு அமைதியாக இருக்க, அலிகாரில் மட்டும் கலவரம் ஏன்? இந்துவும் முஸ்லிமும் ஒரே வியாபாரச் சங்கத்தில், தொழிற்சங்கத்தில் இருக்கும் ஊரில் வதந்தி அடங்கிவிடும் என்கிறார். ஆம்பூருக்கு இது பொருந்தும். முதலாளி பாய் என்றாலும் மெஷினில் உட்காருபவர்கள் எல்லா மதத்து ஆட்களும்தான். நான் பார்த்தவரை அன்றைய கோபம் காக்கியின் மேல்தான்.

ஆனால் வார்ஷ்ணேயும் ஸ்டீவன் வில்கின்சனும் சேர்த்த 1950–1995 கலவரப் பட்டியல், பேப்பரைப் பார்த்துத் தொகுத்தது. பேப்பருக்குக் கல் விழுந்த பிறகுதான் செய்தி. கல் விழாத போராட்டங்களையும் எண்ணியவர்கள் உண்டு. எரிக்கா செனோவெத்தும் மரியா ஸ்டீஃபனும் 1900 முதல் 2006 வரை 323 போராட்டங்களை ஆராய்ந்தார்கள். ஆயுதமில்லாதவற்றில் 53 சதவீதம் ஜெயித்தன, ஆயுதமேந்தியவற்றில் 26 சதவீதம்தான். அவை பெரும்பாலும் ஆட்சியை மாற்றவும் அந்நியரை விரட்டவும் நடந்தவை. ஒரு இன்ஸ்பெக்டரைப் பிடி என்று ரோட்டில் நின்றவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

அடுத்த வாரம் கட்டிங் பிரிவில் ஆள் குறைந்தது. கைதுக்குப் பயந்து பையன்களை உறவுக்காரர் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கலவர வழக்கு பத்து வருஷம் இழுத்தது. 2025 ஆகஸ்டில் திருப்பத்தூர் நீதிமன்றம் 22 பேரைக் குற்றவாளிகள் என்றது, 161 பேரை விடுவித்தது. விடுதலையானவர்கள் வாய்தாவுக்காக இழந்த சம்பளத்தை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பாய் பெயர் எந்தக் காகிதத்திலும் வரவில்லை. வந்திருந்தால் சாட்சி என்று அவரையும் கோர்ட்டுக்கு இழுத்திருப்பார்கள்.