உள்ளே என்ன போடுவாய்?

ஹெலிகாப்டர் ஓட்டக் கற்கும் ஆசையில் பாதி, விமானி போடும் அந்த உடுப்பின் மேல் இருந்த ஆசைதான். இராணுவப் பச்சை, கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை ஒரே ஜிப், இடது கையில் பேனா செருக ஒரு பை. மாட்டிக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து மதுரைக்கு அனுப்ப வேண்டும்! டெக்சாஸில் வீட்டுக் கடனும் பிள்ளையின் செலவும் போக மிஞ்சுகிற காசில் பறக்கப் போன நான், இதை யாரிடமும் சொன்னதில்லை.

பயிற்சியாளர் அமெரிக்க இராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். உடுப்பைப் பற்றிக் கேட்டேன். என் பட்ஜெட்டை அவர் விசாரிக்கவில்லை. "உள்ளே என்ன போடுவாய்?" என்றார்.

அந்தக் கேள்விக்குக் காரணம் தீ. ராபின்சன் ஆர்44 ரக ஹெலிகாப்டரில், விழுந்த அடியில் பிழைத்தவர்கள்கூட எரிபொருள் டேங்க் உடைந்து பற்றிய தீயில் செத்திருக்கிறார்கள். பழைய அலுமினிய டேங்கை மாற்றி, எளிதில் கிழியாத பை வகை டேங்க் வைக்கும்படி 2010இல் அந்த நிறுவனமே சொன்னது. அப்படிப்பட்ட தீயில் உடுப்பு நமக்கு வாங்கித் தருவது சில நொடிகள்தான், கதவைத் திறந்து வெளியே விழும் வரைக்கும். டூபான்ட் 1967இல் சந்தைக்குக் கொண்டுவந்த நோமெக்ஸ் இழை உருகாது, சொட்டாது. சுமார் 370 டிகிரி செல்சியஸில் கருகித் தடிக்கும். ஆனால் துணியைத் தாண்டி வரும் சூட்டில், உள்ளே இருக்கும் பாலியெஸ்டர் டி-ஷர்ட் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நைலானும் அப்படித்தான்.

ஆகவே கையில் காசில்லாதவன் உடம்பிலிருந்து ஆரம்பிக்கலாம். பருத்திப் பனியன், பருத்தி ஜட்டி, கம்பளிக் காலுறை. திருப்பூர்ப் பனியன் பெட்டி நிறைய இருந்ததால் எனக்கு அந்தச் செலவு மிச்சம். அடுத்து கணுக்காலை மூடும் தோல் பூட்ஸ், பிறகு நோமெக்ஸ் கையுறை. தப்பிக்க பெல்ட்டைக் கழற்ற வேண்டியது விரல்கள்தானே.

உடுப்பு அதற்கப்புறம். இராணுவ சர்ப்ளஸ் கடையில் ஒரே மாதிரிப் பச்சை உடுப்புகள் வரிசையாகத் தொங்கின. பளபளவென்று இருந்த ஒன்றின் கழுத்து லேபிளைத் திருப்பினேன்: பாலியெஸ்டர் 65, பருத்தி 35. அது நாடகத்துக்கு ஆகும். பக்கத்திலேயே முழங்கால் வெளுத்த ஒன்று; லேபிளில் பாதி அழிந்த எழுத்தில் அராமிட், அதாவது நோமெக்ஸ் இன இழை. நெஞ்சில் முந்தையவர் பெயர்ப்பட்டை ஒட்டியிருந்த வெல்க்ரோ. தையல், ஜிப், அக்குள் எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு மணி நேரப் பறப்புக் கட்டணத்தைவிடக் குறைந்த விலை. ஒரு சுற்று பெரிது, அது நல்லதுதான். துணிக்கும் உடம்புக்கும் நடுவே நிற்கும் காற்றும் சூட்டைத் தடுக்கும்.

வீட்டில், "ஏங்க, இது என்ன சாக்கு மாதிரி?" என்றாள் மனைவி. துவைப்பதற்கும் விதி உண்டு. பிளீச் ஆகாது, கஞ்சி கூடவே கூடாது. எண்ணெய்க் கறையோடு போட்டால் அந்த எண்ணெயே எரியும்.

சம்பளம் உயர்ந்த பிறகு அளவெடுத்துத் தைத்த உடுப்பும் வாங்கினேன். தோள் உறுத்துவதில்லை, பைகள் கைக்கு எட்டுகின்றன. தீயிடமிருந்து அது கூடுதலாகக் காப்பதாக எனக்குத் தெரியவில்லை. டெக்சாஸ் வெயிலில் இரண்டும் ஒரே புழுக்கம்.

பழையது வாங்க மனம் வராத ஒரே சாமான் ஹெல்மெட். முன்பே அடிபட்டு உள் நுரை நசுங்கியிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. புதிதின் விலையோ உடுப்பைப்போல் பல மடங்கு. காசு சேரும்வரை பயிற்சிப் பள்ளியின் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டுதான் பறந்தேன்.