மதுரையை எரித்தவள் போய்ச் சேர்ந்த ஊர்

முல்லைத்தீவுக்குப் பக்கத்தில் வற்றாப்பளை என்றொரு ஊர். அங்குள்ள கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரை ஊற்றி விளக்கெரிக்கிறார்கள். சிலாவத்தைக் கடலில் எடுத்த தண்ணீரை முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் வைத்து ஒரு வாரம் விளக்கேற்றி, பொங்கல் நாளான திங்கட்கிழமை அம்மன் சந்நிதிக்குக் கொண்டு வருகிறார்கள். திரி எப்படி எரிகிறது என்று அங்கே யாரும் விளக்கம் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை.

மதுரைக் காளவாசலில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் கோயிலை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று வெகுநாள் ஆசை. மதுரையை எரித்த கையோடு கண்ணகி கடல் தாண்டிப் போனாள், அங்கங்கே தங்கித் தங்கி நந்திக்கடல் கரையில் வந்து அமர்ந்தாள் என்பது வன்னி மக்கள் சொல்லும் கதை. கிழவி உருவத்தில் இருந்த அவளை முதலில் கண்டவர்கள் மாடு மேய்க்கும் சிறுவர்கள். பசிக்கிறது என்றாள், பொங்கிக் கொடுத்தார்கள். பொழுது சாய்ந்தது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல் தண்ணீரை ஊற்றிக் கொளுத்துங்கள் என்றாள். ஊற்றினார்கள், எரிந்தது. தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்றாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலையெல்லாம் கண்கள்! பெரியவர்களாய் இருந்திருந்தால் உப்புத் தண்ணீர் எப்படி எரியும் என்று முதலிலேயே கேட்டிருப்பார்கள். கேட்காத பிள்ளைகளிடம்தான் அவள் போயிருக்கிறாள்.

2024 வைகாசியில் புறப்பட்டேன். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அதன்பிறகுதான் பயணமே. ஏ-9 சாலையில் இரவு பஸ் பிடித்து, மாங்குளத்தில் இறங்கி, கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாகப் போக வேண்டும். பாலையும் வீரையும் முதிரையுமாகச் சாலையின் இரண்டு பக்கமும் காடு. வைகையில் மணலையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அத்தனை பச்சையை நம்ப முடியவில்லை.

விடிந்ததும் நந்திக்கடல். பெயர்தான் கடல், ஆழமில்லாத களப்பு. இடுப்பளவு நீரில் நின்று வீச்சுவலை போட்டு இறால் பிடிக்கிறார்கள். கொக்கும் நாரையும் அவர்களைச் சட்டை செய்யாமல் மேய்கின்றன. எதிர்க்கரையில் பனைகள். பல பனைகளுக்குத் தலை இல்லை. அந்தக் கரைதான் முள்ளிவாய்க்கால்.

2009இல், உள்நாட்டுப் போரின்போது இலங்கை அரசு அறிவித்த 'பாதுகாப்பு வலயம்' இரண்டு முறை இடம் மாறியது. ஒவ்வொரு முறையும் சுருங்கியது. மே மாதம் அறிவித்த கடைசி வலயம் ஏறக்குறைய 2 சதுர கிலோமீட்டர். அந்தத் துண்டு மணலில்தான் அத்தனை சனமும் அடைபட்டது. போரின் இறுதி மாதங்களில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது 2011இல் வெளிவந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை. மே 18 அன்று போர் முடிந்ததாக அறிவித்தார்கள். மிஞ்சியவர்கள் வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி வந்தார்கள்.

பொங்கலன்று கோயில் திடலில் எனக்குப் பக்கத்தில் பானை வைத்திருந்தவர் ஒரு முன்பள்ளி ஆசிரியை. இருபத்தாறு வயது, மடியில் ஐந்து வயது மகன். மதுரை என்றதும், "அம்மாளின்ர ஊரிலயிருந்தோ வந்தனீங்கள்!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு மெல்ல 2009ஆம் வருடத்துக்குப் போனது.

"குத்துற சத்தம் கேட்டா எண்ணத் தொடங்குவன், அக்கா. எத்தினை எண்ணுறதுக்குள்ள செல் வந்து விழுமெண்டு எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. நான்தான் அவவைப் பங்கருக்குள்ள தள்ளுவன்."

மணலில் பங்கர் வெட்டினால் சரிந்துவிடும். மண்மூட்டை அடுக்க வேண்டும், சாக்கு கிடையாது. வீட்டுச் சேலைகளையெல்லாம் கிழித்துப் பைகளாகத் தைத்தார்கள். கடைசியில் அம்மாவின் கூறைச்சேலையும் போனது. சரிகைக் கரையோடு மண் நிரம்பிய அந்தப் பையில்தான் தலை சாய்த்துத் தூங்கினேன் என்றார். சரிகை கன்னத்தில் அறுத்ததாம். மகனின் கன்னத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். பிள்ளை கூச்சத்தில் நெளிந்து சிரித்தான்.

எறிகணை ஒரு பயம் என்றால், புலிகள் இயக்கம் பிள்ளை பிடிப்பது இன்னொரு பயம். கல்யாணம் ஆனவர்களை விட்டுவிடுவார்கள் என்று நம்பி, பதினாறு வயதிலேயே இவருடைய அக்காவுக்குத் தாலி கட்டிவைத்தார்கள். இதைச் சொல்லாமல் அரசின் குண்டுகளை மட்டும் எழுதினால் அந்தப் பிள்ளைகளுக்கு நான் பாதி நியாயம்தான் செய்தவளாவேன். 2006 ஆகஸ்ட் 14 அன்று வள்ளிபுனத்தில் விமானக் குண்டுக்கு 50க்கும் மேற்பட்ட மாணவிகள் பலியானார்கள். போர் முடிந்தபின் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்ட புலிகளின் சிறார் போராளிகள் 594 பேர். இரண்டு கணக்கிலும் இருப்பவர்கள் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதினர்.

மதுரைக்குத் தீ வைத்தபோதுகூடக் கண்ணகி முதியவர்களையும் குழந்தைகளையும் விட்டுவிடு என்று அக்கினிக்குச் சொன்னாள். சிலப்பதிகாரம் படித்த எல்லோருக்கும் தெரிந்த இடம் அது. அவள் வந்து அமர்ந்த கரைக்கு எதிர்க்கரையில் அந்தச் சொல்லைக் கேட்பாரில்லை. எனக்கு அன்று நெஞ்சு அடைத்துவிட்டது.

மிஞ்சி வந்தவர்களுக்குப் பிறகு செட்டிகுளம், மெனிக் பார்ம் முகாம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முள்வேலிக்குள். 2012 செப்டம்பரில்தான் அதை முழுதாக மூடினார்கள். அங்கே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு இருந்ததாம்: ஒருவன் ஆமி, மற்றவர்கள் வரிசையில் நின்று பாஸ் காட்ட வேண்டும். அழாமல் காட்டினால் வென்றான்.

பொங்கல் முடிந்து மறுநாள் ஆசிரியையோடும் அவர் மகனோடும் வயல் வரம்பில் நடந்தேன். பாதையில் துருப்பிடித்த தகர டின் ஒன்று, பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. எங்கள் தெருப் பையனாக இருந்தால் பைபாஸ் ரோடு வரை உதைத்துக்கொண்டே போயிருப்பான். இந்தப் பிள்ளை சட்டென்று நின்றான். கையை அகல விரித்து எங்களையும் மறித்தான். "அம்மா, தொடாதேங்கோ." அவர் குனிந்து பார்த்து, பால்மா டின்தான் என்று சொன்னபிறகே காலை எடுத்து வைத்தான். அவன் பிறந்தது போர் முடிந்து பத்து வருடம் கழித்து. முன்பள்ளியிலேயே மிதிவெடிப் படங்களைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவன் அம்மாவே. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது. நிலத்தைச் சுத்தம் செய்து முடிக்கக் கெடு 2028 ஜூன். வெயிலில் கவசம் மாட்டிக்கொண்டு, மண்ணை விரற்கடை விரற்கடையாகச் சுரண்டும் அந்த வேலையில் வன்னிப் பெண்கள் நிறையப் பேர். பலர் குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிறவர்கள்.

பொங்கலுக்குச் சற்று முன்புதான் மே 18 கடந்திருந்தது. அந்த வாரம் முழுக்க வடக்கிலும் கிழக்கிலும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி ஊற்றுகிறார்கள்: அரிசி, தண்ணீர், உப்பு. அன்று உயிர் காத்தது அதுதான். அந்த ஆண்டு சம்பூரில் கஞ்சி காய்ச்சியதற்காகப் பெண்களைக் கைது செய்தார்கள். ஒரு சிரட்டைக் கஞ்சிக்கு அரசு இவ்வளவு அஞ்ச வேண்டுமா?

இந்த ஆசிரியை தன் மகனுக்கும் கஞ்சி கொடுத்திருக்கிறார். ஏன் சீனி போடவில்லை என்று கேட்டானாம்.

"அப்ப சீனி இருக்கேல்லை எண்டு சொன்னன். ஏன் இருக்கேல்லை எண்டு கேட்டான். அடுத்த வருசம் சொல்லுறன் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்." கொஞ்சம் நடந்துவிட்டு, "எத்தினை வயசில சொல்லலாம், அக்கா?" என்றார்.

எனக்கும் பிள்ளை இருக்கிறது. யோசித்து, பத்துப் பதினொரு வயதாவது ஆகட்டுமே என்றேன்.

"எனக்கு அப்ப பதினொண்டு," என்றார். "இல்லை, அவ்வளவு காலம் வைச்சிருக்கேலாது. பள்ளிக்கூடத்தில வேற ஆரும் சொல்ல முந்தி நான்தான் சொல்லோணும். கூறைச்சேலையில இருந்து துவங்கலாமெண்டு நினைக்கிறன்."