தடைசெய்யப்பட்ட தாளம்

கலையில் அரசியலைப் புகுத்தலாகாது என்று வாதிடும் நண்பர்களுக்கு நாம் ஓர் இசைத்தட்டைச் சிபாரிசு செய்வதுண்டு. அமெரிக்கக் கறுப்பினப் பியானோக் கலைஞர் ரண்டி வெஸ்டன் (1926-2018), 1960 நவெம்பரில் நியூயோர்க்கில் ஒலிப்பதிவு செய்த 'உஹூரு ஆபிரிக்கா' என்பதே அது. சுவாஹிலி மொழியில் உஹூரு என்றால் விடுதலை. அந்த ஓராண்டில் மட்டும் ஆபிரிக்காவில் 17 நாடுகள் சுதந்திரம் பெற்றிருந்தன.

இன்று 'உலக இசை' என்ற பெயரில், பிறநாட்டு முழவொலியை ஊறுகாய்போலத் தொட்டுக்கொள்ளும் தட்டுகள் சந்தையில் மலிந்து கிடக்கின்றன. வெஸ்டன் செய்தது அதுவன்று. நீ அமெரிக்காவிற் பிறந்த ஆபிரிக்கன் என்று சொல்லியே அவரை வளர்த்தார் தந்தை. ஆகவே அவர் இரவல் வாங்கவில்லை. தமது முதுசொம்மைத் தேடிச் சென்றார்.

நைஜீரியரான ஒலாதுஞ்சியும், கியூபரான கண்டிடோவும், ஜாஸ் முழவின் மேதை மக்ஸ் றோச்சும் இத்தட்டில் ஒருங்கே வாசிக்கின்றனர். கடல் கடத்தி அடிமைகளாகப் பிரிக்கப்பட்ட ஓரினத்தின் தாளங்கள் ஒரே அறையிற் சந்திக்கின்றன. தட்டுக்கு உரியவரான வெஸ்டனோ முன்னே வந்து நிற்பதில்லை. பியானோவின் அடித்தட்டுச் சுரங்களைத் தாமும் ஒரு முழவுபோல முழக்குகிறார். இத்தனை பேரையும் ஒழுங்குபடுத்தி இசையமைப்பை எழுதியவர் மெல்பா லிஸ்டன் என்ற பெண்மணி. ஆண்களே ஆட்சி செய்த அத்துறையில் திரொம்போன் வாசித்துத் தலைநிமிர்ந்தவர் அவர். அவரது பெயரை இரசிகர்களிற் பலர் அறியார் என்பது எமக்கு ஆத்திரமூட்டும் சங்கதி.

கவிஞர் லாங்ஸ்ரன் ஹியூஸ் எழுதிய விடுதலைக் கவிதை சுவாஹிலியிலும் ஆங்கிலத்திலும் ஒலிக்கிறது. ஒளிப்பானேன்? அவ்விடத்தில் மேடைப் பேச்சின் வாடை சற்றே வீசத்தான் செய்கிறது. சொல் ஓய்ந்து முழவுகள் தாமே பேசத் தொடங்கும்போதுதான் எம் உள்ளம் எழுகிறது.

தென்னாபிரிக்க நிறவெறி அரசு 1964 இல் இத்தட்டைத் தடைசெய்தது. இசை வெறும் இன்பப் பொருளென்று நம்பும் எம் நண்பர்களைக் காட்டிலும் அந்த அரசுக்குச் செவி கூர்மையாக இருந்தது போலும்!

இறுதிப் பகுதியான 'குச்சேசா புளூஸ்', ஆபிரிக்கா முழுவதும் விடுதலை பெறும் நாளின் கொண்டாட்டம். விழா வருமுன்பே அதற்கான இசையை அவர்கள் வாசித்துவிட்டனர். தென்னாபிரிக்கக் கறுப்பின மக்கள் தம் நாட்டை ஆள்வோரைத் தெரிய வாக்குச்சாவடிக்குச் சென்றது 1994 இல்.