250 ரூபாயும் எங்க அண்ணனும்

நம்ம தொழிலில் ஒரு விசித்திரம். யார் கணக்கில் எவ்வளவு வருகிறது என்று தெரியும், எதற்கு வருகிறது என்று பல சமயம் தெரியாது.

கட்சிரோலிக்கு மாற்றலாகி வந்த புதிது. (எங்கே இருக்கு என்று எல்லாரும் கேட்டாச்சு. நாக்பூருக்குத் தென்கிழக்கே, காடு. நம்ம ஊரிலிருந்து வந்தால் பல்லார்ஷாவில் இறங்கி பஸ் பிடிக்கணும்.) ஒரு ஆஷா பணியாளர் மாதம் தவறாமல் பாஸ்புக் பதிய வருவார். வந்த தொகையில் எத்தனை 250 ரூபாய் சேர்ந்திருக்கிறது என்று விரல் விட்டு எண்ணுவார். ஒருநாள் கூட்டமில்லை. என் உடைந்த மராத்தியில் கேட்டேன், அது என்ன 250 என்று.

பிறந்த குழந்தையை வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டுமாம். 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஆறு தடவை. அவ்வளவும் சேர்த்துத்தான் 250. போய் என்ன பார்ப்பீங்க என்றேன். விரலை மடக்கிச் சொன்னார். பால் குடிப்பது குறைஞ்சிருக்கா, அழுகை மெலிஞ்சிருக்கா, கைகால் துவண்டிருக்கா, தொட்டால் சில்லுன்னு இருக்கா...

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதையே, ஏறக்குறைய இதே வரிசையில், சின்ன வயசிலிருந்து அம்மா வாயால் கேட்டிருக்கிறேன்.

எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். 1973இல் சங்கரன்கோவில் பக்கம் எங்கள் கிராமத்தில், வீட்டிலேயே பிறந்தான். எட்டாம் நாள் பால் குடிக்க மாட்டேன் என்றான். அழுகை பூனைக்குட்டி மாதிரி ஆனது. மறுநாள் உடம்பு சில்லிட்டது. பத்தாம் நாள் இல்லை. அதற்கு முந்தின நாள் அந்தி நேரத்தில் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாளாம். தீட்டுப் பட்டுவிட்டது, தோஷம் என்று ஆச்சி சொல்லிவிட்டாள். ஆச்சி போய்ச் சேர்ந்தும் வருஷங்கள் ஆகிவிட்டன. அம்மா மட்டும் இன்றைக்கும் அந்தி சாய்ந்தால் எந்தப் பச்சைப் பிள்ளையையும் வாசலுக்குக் கொண்டுபோக விடமாட்டாள். என் மகள் பிறந்தபோது தங்கமணிக்கும் அம்மாவுக்கும் இதில் நடந்த சண்டையைத் தனியாக எழுதலாம் :-)

அந்த ஆஷா போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "நாங்க பார்த்துட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புறோம். என் மாமியார் ஊசியே போடுவாங்க."

அவர் மாமியார் ஓர் 'ஆரோக்யதூத்'. டாக்டர் அபய் பங், ராணி பங் தம்பதியின் 'சர்ச்' நிறுவனம் பயிற்சி கொடுத்த கிராமத்துப் பெண்களுக்கு அந்தப் பெயர். அன்று ராத்திரி உட்கார்ந்து, அவர்கள் 1999இல் லான்செட் இதழில் எழுதிய ஆய்வைப் படித்தேன். நான் பி.காம். எனக்கும் மருத்துவத்துக்கும் உள்ள உறவு மெடிக்ளெய்ம் பாரம் நிரப்புவதோடு சரி. ஆனால் எண்கள் புரியும்.

செப்சிஸ் என்றால் கிருமி உடம்புக்குள் பரவ, அதை எதிர்க்கிற வேகத்தில் உடம்பு தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்வது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்புவார்கள், ஐ.சி.யூ.வில் போடுவார்கள். இங்கே 39 கிராமங்களில் லேப் கிடையாது, டாக்டர் கிடையாது, பிள்ளையை வெளியூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகவும் குடும்பங்கள் தயாரில்லை. அதனால் மேலே சொன்ன மாதிரி ஏழு அறிகுறிகளைப் பட்டியலிட்டு, இரண்டு ஒன்றாகத் தெரிந்தால் செப்சிஸ் என்று கொள்ளலாம் என வைத்துக்கொண்டார்கள். வீட்டிலேயே ஜென்டமைசின் ஊசி, வாய்வழியே கோட்ரைமாக்சசோல். போடுவது டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை, ஊர்ப்பெண்.

இந்தச் சிகிச்சை தொடங்குவதற்கு முன் செப்சிஸ் கண்ட 163 பிள்ளைகளில் இறந்தவர்கள் 16.6 சதவீதம். அதாவது 27 பேர். தொடங்கிய பிறகு 71 பேருக்கு வந்ததில் இறந்தவர்கள் 2.8 சதவீதம். இரண்டு பேர்! பச்சிளம் குழந்தைகளின் இறப்பு விகிதமே ஆயிரத்துக்கு 62இலிருந்து 25.5 ஆனது. பக்கத்தில் ஒப்பீட்டுக்கு வைத்திருந்த 47 கிராமங்களில் அது குறையவே இல்லை. முழுப் பெருமையும் ஊசிக்குப் போகாது. பிள்ளையைக் கதகதப்பாக வைப்பது, தாய்ப்பால், மூச்சுத் திணறினால் கவனிப்பது எல்லாம் கூடவே நடந்தது. செலவு குழந்தைக்கு 5.3 டாலர். 18 குழந்தைகளைக் கவனித்தால் ஒரு சாவு தவிர்கிறது என்று கணக்கு. வங்கிக்காரன் புத்தி சும்மா இருக்குமா, பெருக்கிப் பார்த்தேன். ஓர் உயிருக்கு 95 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 4,000 ரூபாய்.

எனக்குப் பிடித்தது இதுதான், எங்கே வசதி இல்லையோ அங்கேயே போய்ப் பார்த்திருக்கிறார்கள். தலைமை அலுவலக சர்க்குலர் கட்சிரோலி கிளையில் என்ன பாடு படும் என்று எனக்குத் தெரியும். மருத்துவத்திலும் அதே கதைதான் போலிருக்கிறது. 2001இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஓர் ஆய்வு: செப்சிஸ் நோயாளிகளுக்கு முதல் ஆறு மணி நேரத்தில் அளவு பார்த்து வேகமாகச் சலைன் முதலானவற்றைக் கொடுத்ததில் சாவு 46.5 சதவீதத்திலிருந்து 30.5க்கு இறங்கியது. உலகமே பின்பற்றியது. ஆனால் ஐ.சி.யூ. இல்லாத உகாண்டா, கென்யா, தான்சானியா ஆஸ்பத்திரிகளில் கடும் காய்ச்சலோடு வந்த 3,141 குழந்தைகளிடம் சோதித்த முடிவு 2011இல் வந்தது. சலைனை வேகமாக ஏற்றிய குழுக்களில் இரண்டு நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்தரை. ஏற்றாத குழுவில் 7.3. ஜாம்பியாவில் பெரியவர்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்விலும் அப்படித்தான், புது முறையில் 48.1 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 33. நல்லது என்று நம்பிச் செய்ததே கூடுதலாகக் கொன்றிருக்கிறது. அங்கேயே போய்ச் சோதிக்காவிட்டால் தெரிந்தே இருக்காது.

இந்தியா முழுக்க ஆஷாக்களை வைத்து வீட்டுப் பராமரிப்பு 2011இல் வந்தது, அந்த 250 ரூபாய் அப்படி வந்ததுதான். ஊசி மட்டும் ஆஷா கைக்கு வரவில்லை. சில சூழ்நிலைகளில் ஏ.என்.எம். செவிலியர் போடலாம் என்று 2014இல் அனுமதித்தார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு.

போன மார்கழியில் அம்மா இங்கே வந்திருந்தாள். சொல்வதா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். ஆறின புண். கடைசியில் ஒரு மத்தியானம், பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவளிடம் சொல்லிவிட்டேன். அறிகுறி எல்லாம் சொன்னேன், மாமியார் ஊசி போட்டதைச் சொன்னேன்.

"நம்மள மாரி பொம்பளயா ல போட்டா?"

"ஆமாம்மா. அதிகம் படிக்காத ஊர்க்காரங்கதான்."

கொஞ்ச நேரம் உரித்தாள். பிறகு நான் பயந்த கேள்வியைக் கேட்டாள். "அப்பம் அந்த மருந்து இருந்துச்சா?"

ஜென்டமைசின் 1963இலேயே கண்டுபிடித்தாகிவிட்டது. அண்ணன் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்னால். பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"இருந்துச்சும்மா. நம்ம ஊருக்கு வரல."

"பஸ்ஸே வரலியே ல" என்றாள்.

அதற்கு மேல் பேசவில்லை. ராத்திரி விளக்கணைத்த பிறகு இருட்டிலிருந்து, "அப்பம் கிணத்தடிக்குப் போனதுனால இல்லியா?" "இல்லம்மா." "நெசமா?" "நெசம்மா."

மறுநாள் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா பால்கனியில் நின்று சித்தியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பழக்க தோஷம், ஊருக்கே கேட்கிற குரல். "கிணத்தடிலாம் ஒண்ணும் இல்லியாம் ட்டீ. கிருமியாம். இவன் படிச்சிட்டுச் சொல்லுதான்."