புதுப்பாளையம் புகட்டிய பாடம்

திருச்செங்கோட்டிலிருந்து புதுப்பாளையம் செல்லும் வழி நெடுக என் பழைய மாணாக்கன் ஒருவனின் முகமே கண்முன் நின்றது. வயது இருபத்திரண்டு, குடிக்கு அடிமை. அவனைப் போன்ற வாலிபர்களை மீட்க எங்கள் ஊரில் ஒரு சிறு சங்கம் தொடங்க விரும்பினோம். அதற்கு வழி தேடியே இந்த யாத்திரை.

புதுப்பாளையத்தில் 1925-இல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். 1929-இல் ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்குப் பத்திரிகையும் இங்கிருந்தே வெளிவந்தது. கல்கி அதன் உதவியாசிரியர். சேலம் ஜில்லாவில் மதுவிலக்குச் சட்டம் வந்ததோ 1937 அக்டோபரில்தான். அதற்கு முன்பே, ‘குடியாதே’ என்று சொன்ன இந்த இடம், நூற்போருக்குக் கூலியும் தந்தது.

அங்கே நின்றபோது எனக்கு ஒன்று விளங்கிற்று. குடியை விட்டவனுக்கு மாலைப்பொழுது வெறுமையாகிவிடுகிறது. உபதேசம் அதை நிரப்பாது. வேலையும் தோழமையுமே நிரப்பும்.

ஊர் திரும்பியதும் முதலில் வைத்தியர் ஒருவரைத் துணை சேர்த்தோம். நெடுநாள் குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரக்கூடும் அல்லவா? பிறகு சனிக்கிழமை மாலைதோறும் பள்ளித் திண்ணையில் கூடி, கைத்தொழில் பழகினோம். முதல் வாரம் நால்வர் வந்தனர். அவன் வரவில்லை. மூன்றாம் வாரம் தெருமுனை வரை வந்து நின்றான். நான் ஒன்றும் கேளாமல் பாயில் சற்று நகர்ந்து இடம்விட்டேன். வந்து உட்கார்ந்தான்.